ஜேனட் மில்லருக்கு ஒன்றுமில்லை

மார்னி டுஷாக்குக்கு முப்பத்தொரு வயது. டாக்டராக வேண்டும் என்று தவம் கிடந்தாள்; பிழைப்புக்கு நோயாளியாக இருந்தாள்.

ஒஹாயோவில் ஏரிக்காற்று நேராக வந்து முகத்தில் அறையும் ஒரு நகரம். அங்கே உள்ள மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்குப் பரீட்சை வைக்க எப்போதும் ஆள் தேவை. நிஜ நோயாளிகளை வைத்துப் பரீட்சை நடத்த முடியாது. ஒரே கேள்விக்குக் காலையில் ஒரு பதில், மாலையில் ஒரு பதில் சொல்வார்கள், நடுவில் அழுவார்கள், சமயத்தில் செத்தும் தொலைவார்கள். அதனால் நடிக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, முதுகுப் பக்கம் திறந்த கவுனை மாட்டிவிட்டு, சின்னச் சின்ன அறைகளில் உட்கார வைப்பார்கள். மாணவர் கதவைத் தட்டிக்கொண்டு வருவார், கேட்பார், தொட்டுப் பார்ப்பார், மணி அடித்ததும் போய்விடுவார். அவர் போனபிறகு நோயாளியே கணினியில் மார்க் போட வேண்டும். கை கழுவினாரா, முகத்தைப் பார்த்துப் பேசினாரா, வயிற்றை எல்லாப் பக்கமும் அழுத்தினாரா. கெட்ட செய்தி சொல்லும் பரீட்சையாக இருந்தால் கூடுதலாக ஒரு கட்டம் உண்டு: சொல்வதற்கு முன் உட்கார்ந்தாரா? நின்றுகொண்டே "உங்களுக்குப் புற்றுநோய்" என்று போட்டுடைத்த பிள்ளைகளுக்கெல்லாம் மார்னி ஈவிரக்கம் பார்க்காமல் மார்க்கைக் குறைத்திருக்கிறாள்.

கல்லூரியில் அவள் படித்தது நாடகம். படித்தாள் என்று சொல்வதே அதிகம். மேடை ஏறினாள், விடிய விடிய ஒத்திகை பார்த்தாள், காலை வகுப்புக்கு எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. போனால் போகிறதென்று எடுத்த வேதியியலில் கோட்டை விட்டாள். முடிவில் நாலுக்கு இரண்டரை சராசரியோடு வெளியே வந்தாள். நாடகக்காரிக்கு மார்க் எதற்கு? அப்போது அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு இந்த வேலைக்கு வந்தாள். ஒருநாள் படுக்கையில் கிடந்தபடி ஒரு மாணவன் தத்துப்பித்தென்று கேள்வி கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, 'இதை நான் இவனைவிட நன்றாகக் கேட்பேனே' என்று தோன்றியது. அன்றைக்குப் பிடித்தது சனி. மாலை வகுப்புகளில் சேர்ந்து உயிரியல், இயற்பியல், கோட்டைவிட்ட அதே வேதியியல் என்று எல்லாவற்றிலும் முதல் தரத்தில் தேறினாள். நுழைவுத் தேர்வையும் நன்றாகவே எழுதினாள். ஆனால் விண்ணப்பம் போடும்போது பழையதையும் புதியதையும் ஒன்றாகக் கொட்டி வகுத்துத்தான் சராசரி காட்டுவார்கள். இருபது வயதில் செய்த பாவத்தை இருபத்தெட்டு வயதுப் புண்ணியம் கழுவவில்லை. 'கலைத் துறையிலிருந்து வருபவர்களை நாங்கள் மிகவும் மதிக்கிறோம்' என்று எல்லாக் கல்லூரிகளும் இணையதளத்தில் எழுதியிருந்தன. மதிக்கத்தான் செய்தார்கள், தூர நின்று. இரண்டு வருடமாக விண்ணப்பித்தும் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

மூன்றாவது வருடம் ஒரே ஒரு இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அதுவும் அவள் நோயாளியாகப் படுத்துக் கிடக்கும் இதே கல்லூரியிலிருந்து. வருகிற செவ்வாய்க்கிழமை. அவளுடைய நுழைவுத் தேர்வு மதிப்பெண் இந்த வருடத்தோடு காலாவதி ஆகிறது. இதை விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பு இல்லை. கொஞ்ச நாளாக எதற்குமே தெம்பு இல்லை.

அந்த நேர்காணலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை பரீட்சை நாள். வெளியே நவம்பர் மாத வானம் அழுக்குத் துணி மாதிரி தொங்கியது. நடிகர்களை மேய்க்கும் டோனா ஸ்ட்ரிக்லர் காலையிலேயே கையில் காபியோடு ஒப்பனை அறைக்குள் வந்தாள். நாக்கு நீளம், மனசு நல்லது.

"மார்னி, நீ இன்னைக்கு ஜேனட் மில்லர். ஆபீஸ்ல வேலை, வயித்துல ஒரு மாதிரி, எல்லாம் டென்ஷன்தான், உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ராத்திரி வேர்க்குதான்னா இல்ல. எடை குறைஞ்சுதான்னா இல்ல. ஞாபகம் இருக்கா?"

"ஜேனட் மில்லரை எனக்குத் தெரியாதா டோனா? போன வருஷம் பூரா நான்தானே அவ."

"அதான் கேட்டேன். போன வருஷம் சுமாராத்தான் பண்ணின. இந்த வருஷம் பிச்சு உதறுற கண்ணு. ஒத்திகையில அந்த முகமும் கண்ணுக்குக் கீழ கருப்பும்... மேக்கப்பே வேணாம் உனக்கு."

மார்னி சிரித்தாள். புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொண்டாள். கவுனுக்கு மேல் கட்டும் நாடாவைப் போன மாதத்தைவிட உள்ளே இழுத்து முடிச்சுப் போட வேண்டியிருந்தது. துவைத்துத் துவைத்து நாடா நீண்டுவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் வந்தவள் கை சில்லென்றிருந்த ஒரு பெண். கேள்விகளை ஒழுங்காகக் கேட்டாள். படுக்கச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, வலது பக்கத்திலிருந்து அழுத்திக்கொண்டே வந்தாள். இடது விலாவுக்குக் கீழே வந்ததும் அவள் விரல்கள் நின்றன. கண நேரம்தான். மார்னியின் முகத்தைப் பார்த்தாள், சுவரில் இருந்த கேமராவைப் பார்த்தாள், கையை எடுத்தாள்.

"பரிசோதனையில ஒண்ணும் இல்லங்க, மிஸஸ் மில்லர். எல்லாம் நார்மல்."

சரியான விடை. மார்னி டிக் போட்டாள்.

அடுத்து வந்த உயரமான பையனின் விரலும் அங்கேதான் நின்றது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நார்மல்தான்" என்றான். அதற்கும் டிக். அதற்கடுத்து வந்தவளின் விரலும் நின்றபோது மார்னிக்கு எரிச்சல் வந்தது. இந்த வருடத்துப் பிள்ளைகளுக்கு இடது பக்கம் எப்படி அழுத்துவது என்று எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. நான் மாணவியாகும்போது இப்படியா தடுமாறுவேன்?

மதியம் வெர்ன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஓய்வுபெற்ற தபால்காரன், மாரடைப்பு வந்தவனாக நடிப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"காலையிலேருந்து நெஞ்சைப் பிடிச்சுப் பிடிச்சு நிஜமாவே வலிக்குது. நீ ஏம்மா சாண்ட்விச்சைக் கோழி கொத்தின மாதிரி வச்சிருக்க?"

"ரெண்டு கடியிலயே வயிறு ரொம்பிடுது வெர்ன். செவ்வாய்க்கிழமையை நினைச்சாலே டென்ஷன்."

"ஜேனட் மில்லர் வியாதி உனக்கும் தொத்திக்கிச்சா? நல்லவேளை, எனக்கு என் வியாதி தொத்தல." வெர்ன் அவள் மிச்சம் வைத்த பாதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

மதியத்துக்குப் பிறகு முதல் ஆளாக கெல்வின் ப்ரூயிட் வந்தான். அவனை எல்லோருக்கும் தெரியும். போன வருடம் இதே பரீட்சையில் தோற்றவன். இந்த முறையும் தோற்றால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள். கதவைத் தட்டியதிலேயே நடுக்கம் தெரிந்தது. கை கழுவும்போது தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்டான். மார்னிக்குப் பாவமாக இருந்தது. மார்க்கில் சறுக்கியவனின் முதுகு எப்படி வளையும் என்று அவளுக்குத் தெரியாதா?

ஆனால் வயிற்றில் கை வைத்ததும் அவன் நடுக்கம் நின்றது. இடது விலாவுக்குக் கீழே விரல்கள் நின்றன. எடுக்கவில்லை.

"மூச்சை நல்லா உள்ள இழுங்க... விடுங்க. இன்னொரு தடவை."

பிறகு அவளை வலது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி மறுபடி பார்த்தான். இது பரீட்சைத் தாளில் இல்லாத வேலை. காலையிலிருந்து யாரும் செய்யவில்லை.

"மிஸஸ் மில்லர், உங்க மண்ணீரல் பெருசா இருக்குங்க. கைக்கு நல்லாவே தட்டுப்படுது. ரத்தப் பரிசோதனை உடனே எடுக்கணும்."

மார்னி பாத்திரத்தை விட்டு இறங்கவில்லை. "அப்போ இது டென்ஷனால இல்லையா டாக்டர்?"

கெல்வின் கேமராவை நிமிர்ந்து பார்த்தான். முகம் வெளுத்தது. பரீட்சை எதிர்பார்க்கும் விடை என்னவென்று அவனுக்கும் தெரிந்துதானிருக்கும். வார்த்தையை விழுங்க அப்போதும் நேரம் இருந்தது.

"இல்லங்க. டென்ஷன்னு என்னால சொல்ல முடியாது."

மணி அடித்தது. அவன் போனான். மார்னி கணினியில் 'பரிசோதனை முடிவைச் சரியாகச் சொன்னார்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அழுத்தினாள். ஜேனட் மில்லருக்கு மண்ணீரலில் ஒன்றும் கிடையாது. இல்லாத நோயை இருப்பதாகச் சொல்வது இந்தப் பரீட்சையில் மன்னிப்பில்லாத குற்றம். பாவம் பையன், எவ்வளவோ படித்திருப்பான் என்று நினைத்தாள்.

அடுத்த பெண் வந்தாள். அவள் விரலும் அதே இடத்தில் நின்றது. "நார்மல்" என்றாள்.

அப்போதுதான் மார்னிக்கு உறைத்தது. காலையிலிருந்து வந்த ஒவ்வொரு கையும் வரிசையாக ஞாபகம் வந்தது. சில்லென்ற கை, பெரிய கை, மோதிரம் போட்ட கை. எல்லாம் ஒரே இடத்தில் நின்றன. நின்றுவிட்டு, பொய் சொல்லிவிட்டுப் போயின. அவள் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு டிக் போட்டிருக்கிறாள்.

கடைசி மாணவர் போனதும் அவள் உடை மாற்றிக்கொள்ளப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு அதே படுக்கையில் மல்லாந்து படுத்தாள். மாலை வகுப்பில் படித்தது வரி வரியாக நினைவிருந்தது. ஆரோக்கியமான மண்ணீரல் விலா எலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும், கைக்கு அகப்படாது. விரல்களை விலாவுக்குக் கீழே பதித்து மூச்சை இழுத்தாள்.

உள்ளேயிருந்து ஏதோ இறங்கி வந்து அவள் விரல் நுனியில் முட்டியது. மூச்சை விட்டதும் திரும்பிப் போனது. மறுபடி இழுத்தாள். மறுபடி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது போலிருந்தது. ராத்திரி வேர்வையில் நனையும் தலையணை, அரைச் சாண்ட்விச், நீண்டுபோன நாடா எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவளைச் சுற்றி நின்றன. மார்னிக்குப் பயம் வந்தது. இருட்டில் தனியாக விடப்பட்ட பிள்ளைக்கு வருகிற பயம்.

பயம் வந்த கையோடு கணக்கும் வந்தது. அதுதான் மனித புத்தி. செவ்வாய்க்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தால்? நேர்காணலில் நன்றாகப் பேசுவாள், பேச்சுதான் அவள் தொழிலே. சீட் கிடைத்தபிறகு டாக்டரிடம் போகலாம். இத்தனை மாதம் பொறுத்தது நாலு நாள் பொறுக்காதா? நேர்காணல் நடத்தப் போவது டாக்டர் ஐவர்சன். இந்தப் பரீட்சைக்கும் தலைவி அந்த அம்மாள்தான். அவர் காதில் இது விழுந்தால் சோலி முடிந்தது. நோய் இருப்பவளுக்குச் சீட் இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சட்டம் விடாது. 'முதலில் உடம்பைப் பாருங்கள்' என்பார்கள். அன்போடுதான் சொல்வார்கள். இரண்டு வருடமாக வந்த மறுப்புகள்கூட அன்போடுதான் வந்தன.

உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது தாழ்வாரத்தின் கோடியில் கெல்வின் நின்றுகொண்டிருந்தான். மாணவர்கள் நடிகர்களோடு பேசக்கூடாது என்பது விதி. அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"நான் உங்ககிட்ட பேசக்கூடாது, தெரியும். மார்க்குக்காக வரல. தயவுசெய்து ஒரு டாக்டரைப் பாருங்க. நாளைக்கே. ஜேனட்டைச் சொல்லல, உங்களைச் சொல்றேன்."

"வேற யாருமே சொல்லலையே."

"சொல்ல மாட்டாங்க. நடிகருங்க உடம்புல ஒண்ணும் இருக்காதுன்னுதான் எங்களுக்கு நினைப்பு. கைக்கு எது பட்டாலும், நாமதான் தப்பா அழுத்திட்டோம்னு நினைச்சுக்குவோம்."

"நீ மட்டும் ஏன் சொன்ன?"

கெல்வின் சிரிக்கப் பார்த்தான். "எனக்குத்தான் ஃபெயிலாகிப் பழக்கமாச்சே. அவங்களுக்குப் பழக்கமில்ல."

அவன் போய்விட்டான். மார்னிக்கு அவன்மேல் கோபம் வந்தது. நாசமாய்ப் போகிறவன், பேசாமல் போயிருக்கக் கூடாதா? இப்போது அவள் கணக்கில் இவனும் வந்து உட்கார்ந்துகொண்டானே!

டோனா தன் அறையில் கணினிக்கு முன் உட்கார்ந்து மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு, வந்து ஓகே அழுத்து, நான் வீட்டுக்குப் போகணும். கெல்வின் கதை அவ்ளோதான், பாவம். மத்ததுல எல்லாம் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணிட்டான், உன் ரூம்ல வந்து இல்லாத மண்ணீரலைக் கண்டுபிடிச்சான் பாரு! விதின்னா இதான்."

திரையில் கெல்வினின் பெயர் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் மார்னியின் 'இல்லை'. அவள் ஒரு விரலால் அழுத்தினால் போதும். அவன் வீட்டுக்குப் போவான், அவள் செவ்வாய்க்கிழமைக்குப் போவாள். அவனைப் போலவே அவளையும் மார்க்கைப் பார்த்துத்தான் எல்லோரும் எடை போட்டார்கள். அந்த வேலையைத்தான் இப்போது அவள் செய்யப் போகிறாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அவளுக்கு இரண்டும் வந்திருந்தது.

"டோனா, அதை மாத்தணும்."

"எதை?"

"கெல்வின் சொன்னது சரி."

"அடியேய், போன வாரம் ஒருத்தனுக்கு அரை மார்க் போடச் சொல்லிக் கெஞ்சினேன், முடியாதுன்ன. இப்ப என்ன திடீர்க் கருணை? காரணம் கேப்பாங்கடி. ஜேனட் மில்லருக்கு மண்ணீரல் நார்மல்னு நாமதானே எழுதி வச்சிருக்கோம்?"

"ஜேனட் மில்லருக்கு நார்மல்தான். எனக்கு இல்ல."

டோனா இன்னொரு கிண்டலுக்கு வாயெடுத்தாள். மார்னியின் முகத்தைப் பார்த்தாள். காலையில் தானே மெச்சிய அந்தக் கருவளையத்தைப் பார்த்தாள். மிட்டாயை வாயிலிருந்து எடுத்துக் காகிதத்தில் வைத்துவிட்டு, போனைக் கையில் எடுத்தாள்.

டாக்டர் ஐவர்சன் கோட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். ஒடிசலான உடம்பு, குட்டை முடி, சுருக்கமான பேச்சு. டோனா நடந்ததைச் சொல்லி முடித்ததும் மார்னியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க மார்னி டுஷாக் இல்ல? செவ்வாய்க்கிழமை..."

"ஆமா டாக்டர்."

அவர் "நான் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

அதே அறைக்குத்தான் போனார்கள். அதே படுக்கை. டோனா கேமராவை அணைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டாள். டாக்டர் கை கழுவினார். கையை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். வலது பக்கத்திலிருந்து தொடங்கினார். எல்லாம் வரிசைப்படி, ஒன்றுகூடத் தவறவில்லை. மார்னி கூரையில் இருந்த ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இந்த அம்மாளின் விரல் நிற்காமல் போய்விட்டால் போதும், கெல்வின் முட்டாள், நானும் முட்டாள் என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். கடவுளே, நிற்கக்கூடாது.

நின்றது.

"மூச்சை இழுங்க." இழுத்தாள். "விடுங்க."

டாக்டரின் கை அங்கேயே இருந்தது. பிறகு நெறி கட்டியிருக்கிறதா என்று கழுத்தின் பக்கவாட்டுக்கும் அக்குளுக்கும் போனது. அங்கேயும் நின்றது.

"சீக்கிரம் வயிறு ரொம்பிடுதா?"

"ஆமா."

"ராத்திரி வேர்க்குதா?"

ஜேனட் மில்லரின் பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். மார்னி அதை விழுங்கினாள்.

"ஆமா."

"எடை குறைஞ்சிருக்கா?"

"ஆமா டாக்டர். நாடா நீண்டுடுச்சுன்னு நினைச்சேன்."

டாக்டர் ஐவர்சன் கவுனை இழுத்து அவள் வயிற்றை மூடினார். அவள் எழுந்து உட்காரத் தோளைப் பிடித்து உதவினார்.

"அந்தப் பையனோட மார்க்கை நான் மாத்திடறேன்" என்றார்.

"அப்போ செவ்வாய்க்கிழமை?"

அவர் சுவரோரம் கிடந்த சக்கர முக்காலியைக் காலாலேயே தேடி இழுத்தார். அது கிரீச்சென்று உருண்டு வந்தது. அவளுக்கு நேர் எதிரே போட்டு, முழங்கால் முட்டும் தூரத்தில், கண்ணுக்குக் கண் நேராக, டாக்டர் உட்கார்ந்தார்.